கண்ணாடிக்குள் பதினோரு குதிரைகள்

"மாமா, சனிக்கிழமை வர்றேன். மூணாவதைக் கேக்கணும்" என்று சயாத் தொலைபேசியில் சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது. அந்த மூன்று நாளும் பர்ஷினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் கணவர் ஒண்டாசினுக்கு இறங்கியது. வேளைக்கு இரண்டு தட்டு இறங்கியது. அவளுக்கு அதில்தான் இன்னும் எரிச்சல்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் கசாக்குகளில் அக்கா மகனுக்குத் தாய்மாமன் வீட்டில் மூன்று முறை வாய் திறக்க உரிமை உண்டு. எதைக் கேட்டாலும் மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. சயாத் பதினாறு வயதில் முதலாவதைக் கேட்டான்: ஒரு குதிரைக்குட்டி. இருபத்திரண்டில் இரண்டாவது: மாமாவின் மோட்டார் சைக்கிள். இப்போது அவனுக்கு இருபத்தெட்டு. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, புது ஃபிளாட் வாங்கியிருக்கிறான், அந்த ஃபிளாட்டின் சுவர் மொட்டையாக இருக்கிறது.

அந்த மொட்டைச் சுவரை நினைத்துத்தான் பர்ஷினுக்குப் பயம். அவள் இரண்டேகால் வருடமாகப் ஊசி நூலால் போட்ட கிராஸ் ஸ்டிச் படம் முடிந்த அன்று, மகள் அய்கனிஷ் கை சும்மா இருக்காமல் அதைப் போட்டோ எடுத்து உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். ஆற்றைக் கடக்கும் பதினோரு குதிரைகள். சயாத் அதற்கு ஐந்து இதயம் போட்டு, "ஒரு சுவருக்கு ஏத்த படம்!" என்று எழுதினான். எந்தச் சுவர் என்று எழுதவில்லை.

பர்ஷின் பாலிகிளினிக்கில் இரத்தம் எடுக்கிறவள். பகலெல்லாம் எங்கள் ஊர் தல்திகொர்கான்காரர்களை ஊசியால் குத்துவாள், மாலையில் வீட்டுக்கு வந்து துணியைக் குத்துவாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் இதற்கு முன்னால் அவள் முடித்த படங்கள் ஒன்பது. அதில் வீட்டில் இருப்பது ஒன்றுகூட இல்லை. பாப்பிப் பூக்கள் ஒண்டாசினின் மேலதிகாரி வீட்டில். அன்னப்பறவைகள் பல் டாக்டர் வீட்டில். இலையுதிர்காலக் காடு யாரோ ஒரு சம்பந்தியின் சம்பந்தி வீட்டில். வந்தவர் யாராவது சுவரைப் பார்த்து "அடடா" என்று சொன்னால் போதும், ஒண்டாசின் நாற்காலியைப் போட்டு ஏறிவிடுவார். "பிடிச்சிருக்கா? எடுத்துக்கோங்க!" கூடத்துச் சுவரில் இப்போது நான்கு ஆணிகள் மட்டும் மிச்சம்.

"இந்தப் பத்தாவது என் வீட்டுலதான் இருக்கும்" என்று வெள்ளிக்கிழமை காலையே சொல்லிவிட்டாள். "படம் பிரேம் கடையிலேயே கிடக்கட்டும். சயாத் வந்து வேற எதையாவது கேட்டுட்டுப் போகட்டும். கண்ணுக்கு முன்னாடி இல்லாததை எப்படிக் கேப்பான்?"

"கேட்டா குடுத்துடணும் பர்ஷின்" என்றார் ஒண்டாசின். "மருமகனைக் கைநீட்டி அடிச்சா கை நடுங்கும்னு சொல்வாங்க. இல்லேன்னு சொன்னாலும் அதே கதிதான். உனக்கு ஊசி பிடிக்கிற கை."

"அப்போ நீங்க சொல்லுங்க. உங்க கை நடுங்கட்டும்."

"நான் பஸ் ஓட்டறேனே!"

இப்படியாகத்தான் சனிக்கிழமை விடிந்தது.

*

வாலென்தினாவின் பிரேம் கடை சந்தைக்குப் பின்னால், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது. கொரியக்காரி. நறுக்கென்று பேசுவாள். துணியை அட்டையில் பசை போட்டு ஒட்டுகிறவர்களை அவள் மனிதர்களாகவே மதிப்பதில்லை. காலை எட்டரைக்கே பர்ஷினுக்குப் போன் செய்து, "உடனே வா, உன் குதிரை சட்டத்துல ஏற மாட்டேங்குது" என்று வரவழைத்துவிட்டாள்.

மேசையில் படம் குப்புறக் கிடந்தது. பர்ஷின் போன வாரம் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, கட்டம் போட்ட பேனாக் கோடுகளெல்லாம் போன பிறகு, துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி செய்து கொடுத்திருந்தாள். அதில் குற்றமில்லை. குற்றம் ஓரத்தில்.

"இங்க பாரு. மூணு பக்கம் தாராளமா விட்டிருக்கே. இந்த வலது பக்கம் ரெண்டு விரக்கடை இல்ல. அட்டைக்குப் பின்னால மடிச்சு நூல் கோக்கணும். எதுல கோக்கறது, என் மூக்குலயா?"

"துணி பத்தலை அக்கா."

"நூலும் மாதிரிப் படமுமாப் பெட்டியில வர்ற துணிதானே? அதுல ஓரம் இருக்குமே?"

"பெட்டியில வந்தது பத்துக் குதிரைக்கு."

வாலென்தினா படத்தைத் திருப்பினாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணினாள். வலது ஓரத்தில், எல்லாக் குதிரைக்கும் பின்னால், ஒரு சாம்பல் நிறக் குட்டி தண்ணீரில் முன்னங்காலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளை. பின்னங்கால்களில் இடது மட்டும் வெள்ளை.

"இவன் எங்கேருந்து வந்து சேந்தான்?"

"நானாப் போட்டது. அதுக்காகத்தான் பெட்டித் துணியை விட்டுட்டு வேற துணி வாங்கினேன். கடையில கடைசித் துண்டு இவ்ளோதான் இருந்துது."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பர்ஷின் மிச்சத்தையும் சொன்னாள். கேட்கிற ஆள் வெளியாளாக இருந்தால் சில விஷயங்கள் சுலபமாக வந்துவிடுகின்றன. அந்தக் குட்டியின் பெயர் கோக்ஜால். ஒண்டாசின் கொக்சு கிராமத்தில் இருந்த அவருடைய தம்பியின் பட்டியில் விட்டு வளர்த்தது. பிறந்த அன்று இவரே சட்டையைக் கழற்றித் துடைத்துவிட்டது. சயாத் பதினாறு வயதில் கேட்டது அதைத்தான்.

"குடுத்துட்டாரா?"

"சிரிச்சுக்கிட்டே குடுத்தார். எதைக் குடுத்தாலும் அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டேதான் குடுப்பார். ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினார். ஒரு மாசம் கொக்சு பக்கமே போகலை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை, நானும் கேக்கலை."

"இதைப் போட்டிருக்கேன்னு அவருக்குத் தெரியுமா?"

"போன்ல பாத்தார். கண்ணாடி போடாம. பத்தா பதினொண்ணான்னுகூட எண்ணியிருக்க மாட்டார். மாட்டினப்புறம் தெரியட்டும்னு விட்டுட்டேன்."

வாலென்தினா குறைந்த ஓரத்தை விரலால் அளந்தாள். பழைய போர்வை உறையிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்து, குறைந்த பக்கத்தில் வைத்து நெருக்கமாகத் தைத்தாள். இப்போது நான்கு பக்கமும் மடிக்கத் துணி கிடைத்தது. வெள்ளைத் துணி போர்த்திய அட்டையின் மேல் படத்தை வைத்து, ஓரங்களில் குண்டூசி குத்தி, நூலிழை கோணாமல் இழுத்துச் சரிபார்த்தார்கள். ஆற்றுத் தண்ணீர் சாய்ந்தால் குதிரையெல்லாம் மேட்டிலேறுவதுபோல ஆகிவிடும். பிறகு கவிழ்த்துப் போட்டு, எதிரெதிரே உட்கார்ந்து, கட்டுக்கம்பி போன்ற கெட்டி நூலால் பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து இழுத்தார்கள்.

"இன்னும் இழு. நீ ரத்தம் எடுக்கறப்போ பட்டை கட்டுவியே, அந்த மாதிரி."

"அப்படிக் கட்டினா ஜனங்க கத்துவாங்க."

"துணி கத்தாது, இழு."

தையல் நசுங்காமலிருக்கக் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய கட்டைகள் வைத்து, வால்நட் நிறப் பிரேமுக்குள் எல்லாவற்றையும் இறக்கி, பின்பக்கம் ஆணியடித்து, காகிதமும் ஒட்டி நிமிர்த்தி வைத்தபோது மணி பதினொன்றரை. பர்ஷின் இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். இது என் கையால் ஆனதா என்றுகூடத் தோன்றியது.

"ஐயையோ" என்றாள் வாலென்தினா.

"என்ன?"

"மூணாவது குதிரை மூஞ்சியில மீசை."

கண்ணாடிக்கு உள்ளே ஒரு பூனை முடி. பர்ஷின் வீட்டு மார்சிக்கினுடையது. இரண்டேகால் வருடமும் மடியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்த பூனை, தன் கையெழுத்தைப் போடாமல் விடவில்லை. ஒட்டிய காகிதத்தைக் கிழித்து, ஆணியைப் பிடுங்கி, முடியை எடுத்து, மறுபடி மூட இன்னும் அரை மணி ஆனது. இருவரும் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் செய்தார்கள்.

"சரி அக்கா, ஒரு ரெண்டு நாள் இது இங்கேயே இருக்கட்டும்."

"இங்கேயா? இன்னிக்கு ரெண்டு மணிக்குக் கடையைப் பூட்டறேன். தங்கச்சிக்கு அறுபது, உஷ்தொபேல விருந்து, வர ஒரு வாரம் ஆகும். மேல் வீட்டுல குழாய் மாத்தறானுங்க. நேத்தே அந்த மூலையில ஒழுகிச்சு. ஈரம் பட்டா உன் ஆறு நெஜ ஆறு ஆயிடும். எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். எங்கே? வீட்டுக்குத்தான். வீட்டுக்குச் சயாத் மூன்று மணிக்கு வருகிறான்.

*

ஒன்பதாம் எண் பஸ் பன்னிரண்டு இருபதுக்குச் சந்தைப் பின்தெருவில் நின்றது. ஓட்டுநர் ஒண்டாசின். அந்த நடையோடு அவருக்கு வேலை முடிகிறது. போர்வை சுற்றிய ஒரு கதவளவு சாமானோடு மனைவி ஏறுவதைப் பார்த்து அவர் கண்களை உருட்டினார்.

"கடையிலேயே இருக்கட்டும்னே?"

"கடை ஒழுகுது. ஓட்டுங்க. அவன் வர்றதுக்குள்ள பக்கத்து வீட்டுல குடுத்து வெச்சுடறேன்."

படத்துக்கு ஒரு இருக்கை, பர்ஷினுக்கு ஒரு இருக்கை. போர்வை சுற்றிய சாமானைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை அரிக்கும். முதல் நிறுத்தம் தாண்டுவதற்குள் பின்னால் இருந்த அம்மாள், "கண்ணாடியா? டிவியா?" என்றாள். இரண்டாவது நிறுத்தத்தில் ஒருத்தன் போர்வையின் முனையை விலக்கிவிட்டான். மூன்றாவதில் படம் முழுசாக வெளியே.

"கையால போட்டதா? எல்லாமேவா?"

"எத்தனை வருஷம்?"

"முன்னால போற குதிரை லேசா நொண்டுதே" என்றான் ஒருத்தன்.

"அது தண்ணியில கல்லை மிதிச்சிருக்கு" என்றாள் பர்ஷின், விட்டுக்கொடுக்காமல்.

குல்லா போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, குனிந்து, ஒவ்வொரு குதிரையாகப் பார்த்தார். குதிரை வளர்த்த ஆள் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. "பத்தும் படத்துக் குதிரை. காலெண்டர்ல வரும்" என்றார். "ஆனா கடைசியில நிக்குது பாரு சாம்பல் குட்டி, நெத்தியில வெள்ளை, இடது பின்னங்கால் வெள்ளை, இது மட்டும் நெஜக் குதிரை. தெரிஞ்ச குதிரையைப் பாத்துப் போட்டது. யாரோடதும்மா?"

பர்ஷின் ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

ஒண்டாசின் அந்தக் கண்ணாடி வழியாகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. பச்சை விழுந்தது. பஸ் நகரவில்லை. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் தெருவே அடித்தது.

"டிரைவர், தூங்கிட்டியா?" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் கியரைப் போட்டார். இரண்டு நிறுத்தம் வரை முன்னால் மட்டும் பார்த்து ஓட்டினார். காது மட்டும் சிவந்திருந்தது. பர்ஷினுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இனி இந்தப் படத்தை யாருக்கும் தூக்கிக் கொடுக்க இவருக்கு மனசு வராது என்று நினைத்தாள். இருபத்தேழு வருடம் குடித்தனம் நடத்திய பிறகும் அவளுக்கு இப்படியெல்லாம் தோன்றுவதுண்டு.

ஊரின் மறுபக்கத்துப் பெரிய சந்தை நிறுத்தத்தில் இரண்டு கை நிறையப் பைகளோடு ஒரு அம்மாள் ஏறினாள். டிக்கெட் எடுக்கவில்லை. தம்பி ஓட்டுகிற பஸ்ஸில் எதற்கு டிக்கெட்?

ஜெய்னெப். ஒண்டாசினின் அக்கா, சயாத்தின் அம்மா.

பையைக் கீழே வைத்தாள். படத்தைப் பார்த்தாள். உட்கார மறந்துவிட்டாள்.

"பர்ஷின்! இதுவா அது? போன்ல பாத்தப்போ தீப்பெட்டி மாதிரி இருந்துதே! அடடா, அடடா, அடடா!"

மூன்று அடடா. பர்ஷின் கண்ணை மூடிக்கொண்டாள்.

*

ஒண்டாசின் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு, ஜெய்னெப்பும் கூடவே வர, மூவரும் வீடு சேர்வதற்குள், மூன்று மணிக்கு வருகிறேன் என்ற சயாத் ஒன்றரைக்கே வந்து உட்கார்ந்திருந்தான். அய்கனிஷ் அவனுக்குத் தேநீரும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் அப்பமும் வைத்திருந்தாள். அவனுக்கு ஜன்னல் பொருத்துகிற வேலை, எங்கே போனாலும் டிரில் மிஷின் பெட்டி கூடவே வரும். வாசலில் ஊர்வலமாக வந்த மூன்று பேரையும் போர்வையையும் பார்த்துவிட்டு எழுந்து கதவை அகலத் திறந்தான். பக்கத்து வீட்டுத் திட்டம் அதோடு போயிற்று.

படத்தைக் கூடத்துச் சோபாவில் சாய்த்து வைத்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அய்கனிஷ் தேநீர் ஊற்றினாள். ஊற்றுகிறவளுக்கு மரியாதை தெரியும், இன்னும் இருங்கள் என்பதுபோல் கோப்பையில் பாதிதான் ஊற்றினாள். சயாத் ஏதோ சொல்ல வாயெடுத்து, காது மடலைத் தடவிக்கொண்டான்.

"மாமா, நான் வந்த விஷயம்..."

"நீ இருடா" என்றாள் ஜெய்னெப். "முதல்ல நான். தம்பி, புதன்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போறேன். சீர்ப்பெட்டியில எல்லாம் இருக்கு, துணி இருக்கு, கம்பளம் இருக்கு. கடையில எல்லாருக்கும் கிடைக்கிறதுதான் இருக்கு. அந்தம்மா பள்ளிக்கூடத்துல ஓவிய டீச்சர். அவங்க வாயைப் பிளக்கற மாதிரி ஒண்ணு வேணும்னு ஒரு மாசமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு பஸ்ல ஏறினா, எதிர்ல உக்காந்திருக்கு! பிரேமும் போட்டாச்சு!"

ஒண்டாசின் தேநீரைப் பார்த்தார். ஜெய்னெப் பேச்சில் கொஞ்சம் சத்தம் உண்டே தவிர, கெட்டவள் இல்லை. தாயில்லாத தம்பியைத் தன் கூலியில் படிக்க வைத்தவள். அவளிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது, அது எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா..." என்று ஆரம்பித்தார்.

"தர மாட்டேன் அண்ணி."

சொன்னது பர்ஷின். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அய்கனிஷ் கையிலிருந்த கெண்டி அப்படியே நின்றது.

"என்ன சொன்னே?"

"தர மாட்டேன்னேன். ஒம்பது படம் போச்சு. ஒண்ணுக்கும் வாயைத் திறக்கலை. எல்லாரும் நல்லாத்தான் கேட்டீங்க, சந்தோஷமாத்தான் வாங்கிட்டுப் போனீங்க. யாராவது ஒருத்தர், பர்ஷின், இது உனக்கு வேணுமான்னு கேட்டீங்களா? எனக்கு வேணும் அண்ணி. எனக்கே எனக்கு வேணும். காலையில எழுந்து டீ குடிக்கறப்போ நான் இதைப் பாக்கணும்."

"மருமக பேசற பேச்சா இது? தம்பி, நீ கேட்டுக்கிட்டா இருக்கே?"

ஒண்டாசின் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், சாம்பல் குட்டியைப் பார்த்தார். நெற்றியில் வியர்த்தது. எங்கே அந்தப் பழகின வார்த்தை வந்துவிடுமோ என்று பர்ஷின் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்துவிடும் போலத்தான் இருந்தது.

"அக்கா கேட்டுட்டா, பர்ஷின்... ஒரு தடவை..."

"மாமா" என்றான் சயாத். "ஒரு நிமிஷம். அம்மா கையில இன்னும் குடுக்கலை இல்ல? அப்போ நான் கேக்கறேன். என்னோட மூணாவது. எனக்கு இந்தப் படம் வேணும்."

பர்ஷின் சோபாவிலிருந்த படத்தைப் பார்த்தாள். போச்சு. மூன்று நாளாகப் பயந்தது, நாத்தனாருக்குப் பயந்ததில் மறந்தே போய்விட்டது. இதோ வந்துவிட்டது.

"டேய், நான் உனக்காகத்தானேடா கேக்கறேன்!" என்றாள் ஜெய்னெப்.

"நான் எனக்காகக் கேக்கறேன்மா."

அவன் எழுந்து போய்ப் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். விரலைக் கண்ணாடிக்கு வெளியே குட்டியின் மேல் வைத்தான். "கோக்ஜால்தானே அத்தை? வந்ததும் பாத்தேன். இடது பின்னங்காலை நான் தினமும் கழுவியிருக்கேன், எனக்குத் தெரியாதா?" திரும்பி மாமாவைப் பார்த்தான். "அன்னிக்கு நீங்க சிரிச்சீங்கன்னு நெனச்சேன் மாமா. பதினாறு வயசுல ஒரு மண்ணும் தெரியலை. குடுங்க. மூணாவது."

"எடுத்துக்கோ" என்றார் ஒண்டாசின். வேறு என்ன சொல்ல முடியும்?

"என்னுது ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அம்மா, நீ சாட்சி. அய்கனிஷ், நீ சாட்சி. இனிமே இது சயாத்தோட படம். யாரும் வந்து அடடான்னா எடுத்துக் குடுக்க முடியாது. மாமாவாலயும் முடியாது. முக்கியமா மாமாவால முடியாது."

டிரில் பெட்டியைத் திறந்தான்.

"என்னடா பண்றே?" என்றாள் ஜெய்னெப்.

"என் படத்தை எந்த வீட்டுல மாட்டறதுன்னு நான்தானேம்மா சொல்லணும்? இங்கதான். அத்தை, எவ்வளவு உயரம்? நீங்க டீ குடிக்கிற இடத்துல போய் உக்காருங்க. கண்ணுக்கு நேரா வரணும்."

பர்ஷினுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவே இல்லை. அய்கனிஷ்தான் கையைத் தட்டிச் சிரித்தாள். அப்புறம் ஒண்டாசின் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பர்ஷின் எழுந்து போய், தான் தினமும் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள். அங்கேயே அழுதாள், சந்தோஷமாக, மறைக்காமல்.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றாள் அழுகைக்கு நடுவில்.

கான்கிரீட் சுவர், டிரில் அலறியது. மார்சிக் அலமாரிக்கு மேல் பாய்ந்தது. கீழ் வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் தண்ணீர்க் குழாயைத் தட்டினார். இரண்டு கொக்கி, நீர்மட்டம் வைத்துச் சரிபார்த்து, மாமனும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி மாட்டினார்கள். பதினோரு குதிரைகளும் ஜன்னல் வெளிச்சத்தில் ஆற்றில் இறங்கின.

ஜெய்னெப் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்போ நான் ஓவிய டீச்சருக்கு என்னத்தைத் தூக்கிட்டுப் போறது?"

அய்கனிஷ் பணிவாக அத்தையின் கோப்பையை வாங்கி, விளிம்பு வரை தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றி நீட்டினாள். குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று எங்களில் வாயால் யாரும் சொல்வதில்லை.

ஜெய்னெப் கோப்பையைப் பார்த்தாள். அய்கனிஷைப் பார்த்தாள். "நாக்கு நீளம்னு அம்மாவைச் சொன்னா, பொண்ணுக்குக் கையும் நீளம்!" என்றாள். ஆனால் உதடு துடித்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. முழுக் கோப்பையையும் நிதானமாக, வேண்டுமென்றே நேரமெடுத்துக் குடித்தாள்.

"அது சரி" என்றார் ஒண்டாசின் மருமகனிடம். "ஒண்ணரை மணிக்கே வந்து உக்காந்தியே, நீ நெஜமா எதைக் கேக்க வந்தே? படத்தைக் கேக்க வரலை இல்ல?"

சயாத் டிரில்லைப் பெட்டியில் வைத்து மூடினான். மூடிய பெட்டியை மறுபடி திறந்து மூடினான். "அது ஒண்ணுமில்ல மாமா. விடுங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா ஆறு வருஷம் காத்திருந்தே?"

அவன் பதில் சொல்வதற்குள் மேசை மேலிருந்த அவன் போன் அடித்தது. கையெல்லாம் சுண்ணாம்பு, முழங்கையால் தட்டினான், ஒலிபெருக்கியில் விழுந்துவிட்டது. தொல்கனாய், அவனுக்கு நிச்சயித்த பெண். வீடு முழுக்கக் கேட்டது அவள் குரல்.

"கேட்டியா? மாமா சரின்னாரா? நான் இங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் சயாத், சொல்லு!"

சயாத்தின் முகம் சுவரைவிட வெளுத்தது.

"கேக்கலை" என்றான் மெதுவாக. "வேற ஒண்ணு கேட்டுட்டேன். மூணும் முடிஞ்சிடுச்சு."

"ஐயோ, முடிஞ்சிடுச்சா?" என்றாள் தொல்கனாய்.

ஒண்டாசினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெய்னெப், "என்னடா கேக்க இருந்தே? எனக்குத் தெரியாம என்னடா?" என்று எழுந்தாள். பர்ஷின் முக்காலியிலிருந்து எழுந்து வந்தாள். கண்ணைத் துடைத்தாள். நாத்தனாரைத் தாண்டி, கணவரைத் தாண்டி, மேசையிலிருந்த போனைக் கையில் எடுத்தாள்.

"தொல்கனாய், நான் சயாத்தோட அத்தை பேசறேன். அவன் என்ன கேக்க வந்தான்? எங்கிட்ட சொல்லும்மா. மூணு தடவைங்கிறது அவன் மாமாவோட. எங்கிட்ட அந்தக் கணக்கெல்லாம் கிடையாது."

மறுமுனையில் அந்தப் பெண் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.